திருடனுக்கு ஒரு பர்ஸ்

என்னிடம் இரண்டு பர்ஸ்கள்.
ஒன்று எனக்கு:
ஐசி, வங்கி அட்டை, மகனின் பாஸ்போர்ட் படம்.
சுடிதாரின் உள்பையில் வியர்வையோடு இருக்கும்.
மற்றது திருடனுக்கு.
இருபது வெள்ளி, காலாவதியான மருந்துக்கடை அட்டை,
கனமாய்த் தெரிய நாலு பழைய ரசீது.
கத்தியைக் காட்டினால் கொடுத்துவிடு, வாதாடாதே
என்று குடும்பக் குழுவில் அண்ணி எழுதியிருந்தாள்.
அதன்கீழே மூன்று பேர்
கும்பிட்ட கைகள் போட்டிருந்தார்கள்.

லெபோ அம்பாங்கில் கணக்கு முடியப் பத்தேகால்.
கடைக்கதவு தடதடத்து இறங்கியபின்
அஞ்சடியில் நடப்பேன்.
பை சுவர்ப்பக்கம்.
சாவி விரலிடுக்கில்.
மறுமுனையில் ஆளில்லாத தொலைபேசியில்
"ஆமாங்க, வந்துட்டேன், நீங்க தெரியுது" என்று
ஒரு கணவனை உண்டாக்கிப் பேசிக்கொண்டு.

கிராப் வருவது வங்கி வாசலுக்கு.
பணம் எடுக்கும் இயந்திரத்தின் நீல வெளிச்சத்தில்
அவரும் அங்கேதான் படுத்திருப்பார்,
அட்டைப்பெட்டியை விரித்து
சப்பாத்தைத் தலைக்கு வைத்து
பைக் கயிற்றைக் கணுக்காலில் சுற்றி.

"தங்கச்சி, ரெண்டு வெள்ளி இருக்குமா?"

எப்போது கேட்டாலும் இரண்டுதான்.
ரொட்டி சானாய் விலை ஏறியும் ஏறாத இரண்டு.
"இல்லீங்க" என்பேன்
திருடனின் இருபது வெள்ளியைக் கைக்குள் அழுத்தியபடி.

கொடுத்தால் குடிப்பான் என்பார் முதலாளி.
ஒருத்தனுக்குக் கொடுத்தா பத்துப் பேரு வருவான்
என்பாள் துணி மடிக்கும் செண்பகவல்லி.
கை கால் நல்லாத்தானே இருக்கு என்றது
நான்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்,
வேற எடமே இல்லையா, பொம்பளைங்க நிக்கிற எடம் இது.
அவர் விரல் மேலே போனது.
"கேமரா இருக்கும்மா.
அந்தப் பக்கம் படுத்தா பசங்க வந்து
மிதிச்சிட்டுப் போறானுங்க.
சிரிச்சிக்கிட்டே படம் வேற புடிக்கிறானுங்க."

அண்ணாந்து பார்த்தேன்.
அதே கேமராவுக்காகத்தான்
நானும் அங்கே நிற்கிறேன்.
சொல்லவில்லை. கார் வந்துவிட்டது.

மனு மலாயில் வேண்டும் என்றார் முதலாளி.
எஸ்பிஎம்மில் மலாய்க்கு ஏ எடுத்தவள் நான்.
பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதி என்று தொடங்கினேன்.
நல்ல வாக்கியம், முதலாளி இருமுறை படித்தார்.
பதினேழு கடைகளின் முத்திரை.
பாதிக்கப்பட்ட பெண் ஊழியர்கள் என்ற இடத்தில்
முதல் பெயர் என்னுடையது.
எப்படிப் பாதிக்கப்பட்டேன் என்ற கட்டத்தில்
போன வருஷம் பை பறிபோனதை எழுதினேன்.
பறித்தவன் ஹெல்மெட் போட்டிருந்தான்.
நல்ல மோட்டார். புதுச் சப்பாத்து.
அதற்கெல்லாம்
கட்டத்தில் இடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை லாரி வந்ததாம்.
நான் அன்றைக்கு லீவு.
மகனுக்குக் காய்ச்சல்.
உண்மையாகவே காய்ச்சல்.

புதன் இரவு வங்கி வாசலில்
இடுப்பளவு சிமெண்டுத் தொட்டிகள், ஆறு.
எல்லாவற்றிலும் செம்பருத்தி.
தேசியப் பூவை யார் குறை சொல்ல முடியும்?
தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே
ஓர் ஆள் குந்தி மறையும் அளவுக்கு இருட்டு.
படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.
அண்ணி இதயம் அனுப்பினாள்.

கிராப் ஏழு நிமிடம் என்றது.
பிறகு பதினொன்று.
தெருக்கோடியில் ஒரு மோட்டார் வேகம் குறைந்தது.
கேமராவின் கீழே
என்னைத் தவிர ஒருவரும் இல்லை.
மனுவில் கேட்டிருந்தது இதைத்தான்.

"வந்துட்டேங்க, நீங்க தெரியுது" என்றேன்
தெருவுக்கே கேட்க.
கண் மட்டும் தொட்டிகளுக்கிடையே
ஓர் அட்டைப்பெட்டியைத் தேடியது,
கயிறு சுற்றிய ஒரு கணுக்காலை.

மோட்டார்க்காரன் சாப்பாடு கொண்டுபோகிற பையன்.
கைப்பேசியில் முகவரியைப் பார்த்தான்,
என்னைப் பார்க்கவில்லை, போய்விட்டான்.

திருடனின் இருபது வெள்ளி
இன்னும் பையில்தான் இருக்கிறது.
பிடித்துப் பிடித்து
மூலை மட்டும் மடங்கிப்போய்.